ஏ1 ஷீட்டிலிருந்து 28 பக்கப் புத்தகம் வரை: என் போர்ட்ஃபோலியோ உருவான ஆறு வாரம்

கட்டடக் கலைப் படிப்பான பி.ஆர்க். ஐந்து வருடம். அதில் ஒரு செமஸ்டர் முழுக்க ஏதாவது ஓர் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் பிராக்டிகல் டிரெய்னிங் போக வேண்டும். இடத்தை நாமேதான் தேடிக்கொள்ள வேண்டும். பிடித்த அலுவலகங்களுக்கு மெயில் போட்டு, கூடவே செய்த வேலைகளின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவை அனுப்பி, கூப்பிடுவார்களா என்று காத்திருக்க வேண்டும்.

நான் முதலில் செய்தது 64 பக்கம், 148 எம்.பி. ஜிமெயிலில் 25 எம்.பி.க்கு மேல் இணைக்க முடியாது. அதனால் அது டிரைவ் லிங்க்காகப் போய்ச் சேர்ந்தது. நாலு நாள் கழித்து ஓர் அலுவலகத்திலிருந்து இரண்டு வரி பதில் வந்தது: லிங்க் திறக்க அனுமதி கேட்கிறது, சின்ன ஃபைலாக அனுப்புங்கள். பதில் வந்த சந்தோஷத்தில், இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு கருவியில் போட்டு 9 எம்.பி.யாகச் சுருக்கி உடனே அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் என் போனில் திறந்து பார்த்தேன். பிளானில் சுவர் தெரிந்தது, ஜன்னல் தெரியவில்லை. அறைப் பெயர்கள் சாம்பல் நிறத் திட்டுகளாக இருந்தன. கட்டடத்தை வெட்டி உள்ளே காட்டும் செக்ஷனில் படிக்கட்டு இருந்த இடத்தில் ஒரு கறுப்பு முக்கோணம்.

அங்கிருந்து மறுபடி பதில் இல்லை. அன்று ராத்திரி அந்த ஃபைலை மூடி வைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஆறு வாரம் ஆனது. என்ன செய்தேன், எதை இரண்டு தடவை செய்ய வேண்டி வந்தது என்பதை எழுதி வைக்கிறேன். அடுத்த வருடம் அனுப்பப் போகிறவர்களுக்கு அதில் இரண்டு வாரமாவது மிச்சமாக வேண்டும்.

சுருக்கினால் என்ன ஆகிறது

தப்பு கம்ப்ரஸ் செய்ததில் இல்லை என்பது புரியவே எனக்கு ஒரு நாள் பிடித்தது. கல்லூரியில் நாம் வரைவதெல்லாம் ஏ1 ஷீட். ஆசிரியர்கள் வேலையை மதிப்பிடும் ஜூரி அன்று சுவரில் பின் அடித்து மாட்டுவோம். இரண்டடி மூன்றடி தள்ளி நின்று எல்லோரும் பார்ப்பார்கள். பக்கத்தில் நின்று நாம் வாயால் விளக்குவோம். அதே ஷீட்டை அப்படியே பி.டி.எஃப். ஆக்கி ஏ4 பக்கத்தில் நான் ஒட்டியிருந்தேன்.

ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏ1 என்பது 841 × 594 மி.மீ. ஏ4 என்பது 297 × 210. ஏ1, ஏ2, ஏ3, ஏ4 என்று ஒவ்வொரு படி இறங்கும்போதும் நீளம் 0.707 மடங்காகக் குறையும். மூன்று படி இறங்கினால் 0.354. அதாவது மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். ஷீட்டில் 2.5 மி.மீ. உயரத்தில் எழுதிய எழுத்து ஏ4-இல் 0.9 மி.மீ. ஆகிறது. 0.13 மி.மீ. பேனாவில் வரைந்த டைல்ஸ் கோடு 0.05 மி.மீ.க்குக் கீழே போகிறது. அதைப் பிரிண்டரும் காட்டாது, திரையும் காட்டாது. அதைவிட என்னை உறுத்தியது வேறு. ஷீட்டின் மூலையில் '1:100' என்று எழுதியிருந்தேன். சுருங்கிய பக்கத்தில் அது கிட்டத்தட்ட 1:283. ஸ்கேல் வைத்து அளப்பவருக்கு அந்தப் பக்கம் பொய் சொல்கிறது. 64 பக்கத்திலும் அந்தப் பொய் இருந்தது.

ஆக, பக்கத்துக்கு ஏற்ற மாதிரி மறுபடி வரைந்தால்தான் உண்டு. சுவருக்கு வரைந்த படம் வேறு, கையில் பிடித்துப் பார்க்கும் படம் வேறு. பக்கத்தில் நின்று விளக்க நாம் இருக்க மாட்டோம் என்பதும் சேர்ந்துகொள்கிறது. இதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் எந்தெந்த வேலையை மறுபடி வரையலாம், எதை விடலாம் என்ற கேள்வியே வந்தது. எல்லாவற்றையும் திரும்ப வரைய யாருக்கு நேரம் இருக்கிறது?

எதை விடுவது

கம்ப்யூட்டரைத் தொடாமல் ஒரு நாள் முழுக்க நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். ஒவ்வொரு பிராஜெக்ட்டுக்கும் ஒரே ஒரு வாக்கியம் எழுத வேண்டும்: அதில் நான் விடை தேடிய கேள்வி என்ன? தொடக்கப் பள்ளிக்கு உடனே வந்தது. 'மேற்கு வெயில் சாயங்காலம் மூன்று மணிக்கு மேல் வகுப்பறைக்குள் விழாமல், காற்று மட்டும் வர என்ன செய்வது?' நாற்பது குடும்பங்களுக்கான குடியிருப்புக்கும் வந்தது. 'மாடிப்படி என்பது ஏறி இறங்க மட்டுமா, நாலு பேர் உட்கார்ந்து பேசவும் இடம் ஆகுமா?'

ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. 22 ஷீட் வரைந்த வேலை அது. என் மதிப்பெண்களிலேயே உயர்ந்தது அதற்குத்தான் கிடைத்தது. ஆனால் வாக்கியம் எழுத முயன்றபோதெல்லாம் 'நவீன வசதிகளுடன்' என்றுதான் வந்தது. அந்த வேலையில் அறைகளைச் சரியாக அடுக்கியிருந்தேன், அவ்வளவுதான். எனக்கென்று ஒரு கேள்வி அதில் இல்லை. விட்டுவிட்டேன். மனசு கேட்கவில்லை என்பதால் ஒரு வாரம் 'பிறகு பார்க்கலாம்' என்ற ஃபோல்டரில் வைத்திருந்தேன். கடைசிவரை எடுக்கவில்லை.

மிஞ்சியது ஐந்து: பள்ளி, குடியிருப்பு, கானாடுகாத்தானில் ஒரு செட்டிநாட்டு வீட்டை அளந்து வரைந்த வேலை, ஒரு பயிலரங்கில் எங்கள் கையாலேயே கட்டிய ராட்-ட்ராப் பாண்ட் சுவர், கையால் வரைந்த ஸ்கெட்சுகள். அந்தச் சுவரைச் சேர்க்கலாமா என்று தயங்கினேன், ஏனென்றால் அது கட்டடமே இல்லை. ஆனால் ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் கேரளத்தில் ஏன் அந்தக் கட்டுமுறையைப் பரப்பினார் என்பதைச் செங்கலைத் தொட்ட பிறகுதான் நான் புரிந்துகொண்டேன். செங்கலைப் படுக்கப் போடாமல் பக்கவாட்டில் நிறுத்தி அடுக்கினால் சுவருக்குள் காற்று நிற்கும் இடைவெளி கிடைக்கிறது. செங்கல் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மிச்சம். அதை இரண்டு பக்கத்தில் ஒரு போட்டோவும் முப்பரிமாணம் காட்டும் ஓர் ஆக்ஸனோமெட்ரிக் படமுமாகக் காட்டினேன். நேர்காணலுக்குப் போன சில இடங்களில் அந்தப் பக்கத்தில் நின்று பேசினார்கள். கலவை எவ்வளவு போட்டீர்கள் என்றுகூட ஒருவர் கேட்டார்.

செட்டிநாட்டு வீட்டின் நெடுக்குவெட்டு

ஆறு வாரத்தில் பாதி இந்த ஒரே படத்துக்குப் போனது. அதனால் இதை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன்.

செட்டிநாட்டுப் பக்கத்துப் பெரிய வீடுகள் ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடியும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரே நேர்கோட்டில் கட்டு கட்டாகப் பின்னால் போகும். முன்வாசலில் நின்றால் பின்வாசல் வெளிச்சம் தெரியும். எங்கள் குழு அளந்த வீடு முன்வாசல் படியிலிருந்து பின்வாசல்வரை 52 மீட்டர். அந்த வீட்டைச் சொல்ல நெடுக்குவெட்டு செக்ஷனைத் தவிர வேறு வழியில்லை: இருட்டு, வெளிச்சம், இருட்டு, வெளிச்சம் என்று மாறி மாறி வருவது பிளானில் தெரியாது.

கம்ப்யூட்டரில் வரைந்த கேட் (CAD) ஃபைலைத் திறந்தால் அதில் எல்லாமே இருந்தது. ஒவ்வொரு தேக்குத் தூணின் உச்சியிலுள்ள போதிகை வேலைப்பாடு, ஆத்தங்குடிக் கல்லின் பூ, ஓட்டின் ஒவ்வொரு வரிசை. ஏ1-இல் அழகாக இருந்தது. சின்ன அளவில் கொண்டுவந்ததும் கூரை முழுக்க ஒரே கறுப்புப் பாய். முதலில் கோட்டின் தடிமனை மட்டும் மாற்றிப் பார்த்தேன், போதவில்லை. அப்புறம் கோடுகளையே எடுக்க ஆரம்பித்தேன். ஓட்டு வரிசையில் மூன்றில் ஒன்றை மட்டும் வைத்தேன். தரைக் கல்லின் பூவை முழுவதும் எடுத்துவிட்டு, அதைத் தனியாக ஒரு சின்னப் படத்தில் 1:5 அளவில் அடுத்த பக்கத்தில் கொடுத்தேன். தூணில் போதிகையின் வெளிக்கோடு மட்டும். வெட்டுப்பட்ட சுவர், தரை, உத்தரம் எல்லாவற்றையும் கோடு கோடாக ஹேட்ச் போடாமல் கெட்டிக் கறுப்பாக நிரப்பினேன். கோடு மூன்றே தடிமன்: வெட்டுக்கு 0.4 மி.மீ., அருகில் தெரிவதற்கு 0.18, தூரத்தில் தெரிவதற்கு 0.09.

இங்கே ஒரு விஷயம் கற்றேன். தூரத்துக் கோடுகளுக்குச் சாம்பல் நிறம் கொடுத்தால் திரையில் மென்மையாகத் தெரியும். அச்சில் சாம்பல் என்று ஒரு மை கிடையாது. கறுப்புப் புள்ளிகளை இடைவெளி விட்டு வைத்துத்தான் சாம்பலாகக் காட்டுகிறார்கள். மெல்லிய கோடு அப்படிப் புள்ளியாக உடைந்தால் பிசிறடித்த நூல் மாதிரி ஆகிவிடும். மெல்லிய கோட்டை முழுக் கறுப்பிலேயே வைத்து, தடிமனைக் குறைப்பதுதான் சரி. இதைச் சோதனை அச்சு பார்த்த பிறகே திருத்தினேன்.

எழுத்து அடுத்த பிரச்சினை. போர்ட்ஃபோலியோவின் விளக்கம் ஆங்கிலத்தில்தான் எழுதினேன், பெங்களூரு, அகமதாபாத் அலுவலகங்களுக்கும் போகிறது என்பதால். ஆனால் வளவு என்பதை 'கோர்ட்யார்டு' என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. அந்த வீட்டுப் பெரியவர் வளவு என்று சொன்னபோது, முற்றம், அதைச் சுற்றிய தாழ்வாரம், ஓரத்து அறைகள் எல்லாம் சேர்ந்ததைத்தான் சொன்னார். அதனால் இடப்பெயர்களைத் தமிழிலேயே போட்டு, கீழே சின்னதாக ஆங்கில எழுத்தில் உச்சரிப்பு கொடுப்பது என்று முடிவு செய்தேன். பக்க அமைப்புக்கான இன்டிசைன் மென்பொருளில் அடித்ததும் கொம்பும் காலும் இடம் மாறி நின்றன. 'கொல்லை' என்பதில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய்விட்டது. ஃபாண்ட்தான் காரணம் என்று நினைத்து நாலு ஃபாண்ட் மாற்றினேன். காரணம் ஃபாண்ட் இல்லை. பத்தி அமைப்பில் 'வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர்' என்று ஒன்று இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால்தான் இந்திய மொழி எழுத்துகள் சரியாகச் சேரும். தேர்ந்தெடுத்ததும் எல்லாம் இடத்தில் வந்து உட்கார்ந்தன. முக்த மலர் ஃபாண்ட்டில் வைத்தேன், சின்ன அளவிலும் சுழி அடையாமல் இருந்தது.

சிவகாசி மாமா

அம்மாவின் தம்பி சிவகாசியில் பைண்டிங் பட்டறையில் இருபது வருடமாக வேலை செய்கிறார். டைரி, நோட்டு, காலண்டர் எல்லாம் அவர் கை பட்டுப் போவதுதான். நேர்காணலுக்குக் கையில் கொண்டுபோக ஒரு பத்துப் பிரதி வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை அவரிடம் போனேன். லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை.

"பக்கம் எத்தனை பாப்பா?"

"முப்பது மாமா."

"முப்பது ஆகாது தாயி. நடுவுல பின் அடிக்கணும்னா நாலாலே வகுபடணும். ஒரு தாளை மடிச்சா நாலு பக்கம்ல. இருபத்தெட்டாக்கு, இல்ல முப்பத்திரண்டாக்கு."

அப்புறம் ஒரு பழைய தாளை எடுத்து நான் வைத்திருந்த அளவுக்கு மடித்துக் காட்டினார். நான் ஏ4 படுக்கை வாக்கில் செய்திருந்தேன். அதை விரித்தால் அகலம் 594 மி.மீ. டிஜிட்டல் மெஷினில் பொதுவாக ஓடும் பெரிய தாள் 13க்கு 19 அங்குலம், அதாவது சுமார் 330க்கு 483 மி.மீ. என் விரிப்பு அதில் நுழையவே நுழையாது. தனித்தனித் தாளாக அடித்துப் பசை பைண்டிங் போடலாம். ஆனால் அப்படிச் செய்தால் புத்தகம் தட்டையாக விரியாது, நடுவில் ஒரு விரல்கடை படத்தை மடிப்பு தின்றுவிடும். நெடுக்குவெட்டு செக்ஷனுக்கு அது ஆகவே ஆகாது.

"நெட்டுக்குத்தா வை. விரிச்சா ஏ3. மெஷின்லயும் நிக்கும், ஓரம் வெட்ட இடமும் இருக்கும்," என்றார்.

இதற்காக எல்லாப் பக்கத்தையும் மறுபடி அடுக்க வேண்டியிருந்தது. முதலில் அழுகை வந்தது. ஆனால் செய்து முடித்த பிறகு ஓர் ஆதாயம் தெரிந்தது. நெட்டு ஏ4 பக்கங்கள் இரண்டு சேர்ந்த விரிப்பு, படுக்கை ஏ3. அதையே பி.டி.எஃப்.-இல் விரிப்பு விரிப்பாக எடுத்தால் லேப்டாப் திரைக்குப் பொருந்துகிறது. அச்சுக்குப் பக்கம் பக்கமாக எடுத்தால் போதும். ஒரே ஃபைல், இரண்டு வேலை. மெயிலுக்கு ஒன்று, அச்சுக்கு ஒன்று என்று தனித்தனியாகச் செய்துகொண்டிருந்தால் ஒன்றில் செய்த திருத்தம் மற்றதில் விட்டுப்போயிருக்கும்.

52 மீட்டர் வீடு 420 மி.மீ. விரிப்பில் 1:150 அளவில் 347 மி.மீ. வந்தது. 1:150 என்பது நாம் வழக்கமாக வைக்கும் அளவு இல்லை. பரவாயில்லை, எண்ணை எழுதாமல் படத்துக்குக் கீழே மீட்டர் கோடு போட்டேன். பக்கம் சுருங்கினால் அதுவும் சேர்ந்தே சுருங்கும், பொய் சொல்லாது. மற்ற எல்லாப் படங்களுக்கும் இதையே செய்தேன்.

முதல் சோதனை அச்சில் செக்ஷன் 20–21ஆம் பக்கங்களில் இருந்தது. இரண்டு பக்கமும் வெவ்வேறு தாள். மடித்து அடித்தபோது ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் ஏறி இறங்கி, தரைக்கோடு நடுவில் படி மாதிரி ஒடிந்து நின்றது. மாமா அதைப் பார்த்த உடனே சொன்னார்: "இந்தப் படத்தை நடுப்பக்கத்துக்குக் கொண்டு போ. அங்க மட்டும்தான் ரெண்டு பக்கமும் ஒரே தாளு."

28 பக்கப் புத்தகத்தில் நடு என்பது 14–15. அதற்காக வேலைகளின் வரிசையே மாறியது. குழுவாகச் செய்த வேலை என்பதால் கடைசியில் வைத்திருந்த செட்டிநாட்டு வீடு, 10 முதல் 17வரை எட்டுப் பக்கமாக நடுவுக்கு வந்தது. பள்ளி முன்னால், குடியிருப்பு பின்னால்.

இன்னொன்றும் சொன்னார். டிஜிட்டல் அச்சில் கெட்டிக் கறுப்பு மடிப்பில் வந்தால் அந்தக் கறுப்பு பொரிந்து வெள்ளை தெரியும். என் படத்தில் மடிப்பு சரியாக ஒரு சுவரின் மேல் விழுந்திருந்தது. படத்தை 14 மி.மீ. இடப்பக்கம் நகர்த்தினேன். இப்போது மடிப்பு இரண்டாங்கட்டின் திறந்த முற்றத்துக்குள், வானம் இருக்கும் இடத்தில் விழுகிறது. தரையின் கறுப்பு மட்டும்தான் மடிப்பைத் தாண்டியாக வேண்டும். அந்த ஓர் இடத்தில் அதை நிரப்பாமல் கோடாக விட்டேன். உற்றுப் பார்த்தால் தெரியும்.

உள்ளே 130 ஜி.எஸ்.எம். மேட் தாள், அட்டைக்கு 300. அட்டையை மடிக்கும் முன் மடிப்புத் தடமான கிரீஸ் போட்டாக வேண்டும், இல்லையென்றால் முதுகு வெடிக்கும். பத்துப் பிரதியையும் மாமாவே உட்கார்ந்து பின் அடித்து, மூன்று ஓரமும் வெட்டிக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை.

மாடல் போட்டோ

பள்ளியின் சன்போர்டு மாடல் 1:100. பழைய போட்டோக்கள் எல்லாம் ஹாஸ்டல் டியூப்லைட்டில், மேலிருந்து எடுத்தவை. பின்னால் யாருடைய செருப்போ தெரிந்தது. ஒரு காலையில் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் எடுத்ததில் எல்லாமே மாறியது. போனில் காம்பஸைத் திறந்து, மாடலின் வடக்கை நிஜ வடக்குக்குத் திருப்பி வைத்தேன். அப்போது விழுந்த நிழல் அந்தப் பள்ளியில் காலையில் எப்படி விழுமோ அப்படியே இருந்தது. மேற்கு வெயில் வேண்டும் என்பதால் சாயங்காலம் நாலு மணிக்கு மறுபடி எடுத்தேன். வகுப்பறைக்குள் வெயில் இறங்கவில்லை என்பதை அந்த ஒரு போட்டோவே காட்டிவிட்டது. அந்தப் பக்கத்தில் நான் எழுதியிருந்த இரண்டு பத்தியையும் எடுத்துவிட்டேன்.

மனிதன் நின்று பார்க்கிற மாதிரி வேண்டுமென்றால் கண் மட்டம் 1.6 மீட்டர், 1:100-இல் அது தரையிலிருந்து 16 மி.மீ. போனை நேராக வைத்தால் கேமரா மேலே இருக்கும், எட்டாது. தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரையோடு ஒட்டி வருகிறது. கொஞ்சம் தள்ளி வைத்து இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். மிக அருகில் வைத்தால் சுவர்கள் வெளிப்பக்கம் சாய்கிற மாதிரி வளையும். வெள்ளை மாடலைப் போன் தானாகவே சாம்பலாக்கும், வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ள வேண்டும். பின்னால் கறுப்பு சார்ட் பேப்பர் போதும்.

கம்ப்யூட்டரில் செய்த, நிஜம் போன்ற ரெண்டர் படங்கள் பதினெட்டு இருந்தன, நாலு வைத்தேன். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

யார் செய்தது என்பது

செட்டிநாட்டு வீட்டை அளந்தது பன்னிரண்டு பேர். பழைய போர்ட்ஃபோலியோவில் 'குழு வேலை' என்று மட்டும் ஓர் ஓரத்தில் போட்டிருந்தேன். எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள். ஆனால் பன்னிரண்டு பேரும் அதே செக்ஷனை அதே அலுவலகங்களுக்கு அனுப்பினால், பார்ப்பவர் யாரை நம்புவார்? அதனால் வேலையின் முதல் பக்கத்திலேயே தெளிவாக எழுதினேன்: குழு பன்னிரண்டு பேர், நான் அளந்தது இரண்டாங்கட்டு முதல் பின்வாசல்வரை, தூண், போதிகை விவரப் படங்கள் என்னுடையவை, முகப்பு அளவுகள் மற்றவர்களுடையவை, இந்தப் புத்தகத்துக்காகச் செக்ஷனை மறுபடி வரைந்தது நான். எழுதும்போது என் பங்கு குறைந்து தெரிகிறதோ என்று பயந்தேன். எழுதி முடித்ததும் பயம் போய்விட்டது, ஏனென்றால் அதில் எந்த வரியைப் பற்றி யார் கேட்டாலும் என்னால் பதில் சொல்ல முடியும். ஆர்க்கிடெக்ட் ஆகப் போகிறவர் அடுத்தவர் அளவை எடுத்துத் தன் பெயர் போடுவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. அந்த அளவை நம்பித்தான் நாளைக்கு ஒருவர் சுவர் கட்டுவார்.

அனுப்பும் முன்

இரண்டு தடங்கல்களை மட்டும் சொல்கிறேன். பட்டறைக்குப் பென் டிரைவில் இன்டிசைன் ஃபைலை மட்டும் எடுத்துப்போனேன். இன்டிசைன் படங்களை உள்ளே வைத்துக்கொள்வதில்லை, இருக்கும் இடத்தைத்தான் நினைவில் வைத்துக்கொள்கிறது. அங்கே திறந்ததும் படமெல்லாம் மங்கலாக வந்தது. 'பேக்கேஜ்' கொடுத்தால் படம், ஃபாண்ட் எல்லாம் ஒரே ஃபோல்டரில் சேர்ந்து வரும். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு விருதுநகருக்கும் சிவகாசிக்கும் ஒரு நாள் பஸ் பயணம் வீணாயிற்று.

இரண்டாவது, ஃபைல் அளவு. போட்டோக்களை எவ்வளவு குறைத்தாலும் 40 எம்.பி.க்குக் கீழே இறங்க மறுத்தது. ஒவ்வொரு விரிப்பாகத் தனித்தனி பி.டி.எஃப். எடுத்துப் பார்த்ததில் குடியிருப்பு சைட் பிளான் மட்டும் 31 எம்.பி. இருந்தது. காரணம் மரம். நான் போட்டிருந்த ஆயத்த மரப் படம் (பிளாக்) ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான கோடுகள், அப்படி முந்நூறு மரம். மரங்களை மட்டும் தனி லேயரில் படமாக மாற்றி, கட்டடத்தைக் கோடாகவே வைத்தேன். திரைக்கான ஃபைலில் போட்டோக்களை 150 பி.பி.ஐ.க்கு (அங்குலத்துக்கு 150 புள்ளி) இறக்கினேன். 11 எம்.பி. வந்தது. அச்சுக்கான ஃபைல் 300-இலேயே இருக்கிறது.

இந்தத் தடவை அனுப்புமுன் மூன்று இடத்தில் திறந்து பார்த்தேன்: என் லேப்டாப், என் போன், அம்மாவின் பழைய போன். அம்மா போனில் வளவு என்ற எழுத்தைப் படிக்க முடிந்ததும் அனுப்பினேன். ஒன்பது அலுவலகங்களுக்கு ஒன்பது தனி மெயில். ஒவ்வொன்றிலும் அவர்கள் கட்டிய ஏதாவது ஒரு கட்டடத்தில் நான் உண்மையாகவே கவனித்த ஒரு விஷயத்தை இரண்டு வரி எழுதினேன். நாலு பேர் கூப்பிட்டார்கள்.

பெங்களூரில் ஓர் அலுவலகத்துக்கு நேரில் போனேன். அச்சடித்த புத்தகத்தை மேஜை மேல் வைத்தேன். நடுவில் பின் அடித்த புத்தகம் கையில் எடுத்ததும் தானாகவே நடுப்பக்கத்தில்தான் விரிகிறது. அந்த ஆர்க்கிடெக்ட் முன்னாலும் திருப்பவில்லை, பின்னாலும் திருப்பவில்லை. செக்ஷனை இடமிருந்து வலம் விரலால் தொட்டுக்கொண்டே போனார். முற்றத்தில் விரல் நின்றது.

"இங்கே விழுகிற மழைத் தண்ணீர் எங்கே போகிறது?"

தரைக்கு அடியில் கல் வாய்க்கால் ஒன்று பக்கச் சந்துக்குப் போகிறது, நான் குனிந்து பார்த்திருக்கிறேன் என்றேன். "படத்தில் இல்லையே," என்று சொல்லித் தன் பென்சிலை என்னிடம் நீட்டினார். அந்த அச்சடித்த பக்கத்தின் மேலேயே வரைந்து காட்டினேன். எவ்வளவு சரிவு என்று கேட்டார். அளந்தது நினைவிருக்கிறது, எண் நினைவில்லை என்றேன். ஜூன் முதல் வாரம் வரச் சொன்னார், வரும்போது அந்த எண்ணோடு வரச் சொன்னார்.

ஊருக்குத் திரும்பியதும் கானாடுகாத்தானில் எழுதிய அளவு நோட்டைத் தேடி எடுத்தேன். மண்கறை படிந்த ஒரு பக்கத்தில், தண்ணீர்க் குழாயால் மட்டம் பார்க்கும் டியூப் லெவல் பிடித்து எடுத்த கணக்கு இருந்தது. முற்றத்தின் மூலையிலிருந்து சந்து வாய்வரை 11 செ.மீ. இறக்கம். கேட் ஃபைலைத் திறந்து வாய்க்காலை வரைந்தேன். இப்போது அனுப்பும் ஃபைலில் 14–15ஆம் பக்கத்தில், தரைக்கோட்டுக்குக் கீழே, அந்தச் சரிவும் எண்ணும் இருக்கின்றன.